தளராமையின் அமைப்பு: என்.எஸ். கிருஷ்ணனின் சிறைக்காலமும் நாஞ்சில் நாட்டுக் கலைக்குழு மரபும் (1944–1947)

ஆய்வுச்சுருக்கம்

கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறையில் இருந்து, 1947இல் விடுதலை பெற்று, மீண்டும் தொழிலில் நிலைபெற்றார். இம்மீட்சி பெரும்பாலும் அவருடைய மனவலிமைக்குச் சான்றாகச் சொல்லப்படுகிறது. தலைவர் இல்லாத காலத்திலும் இயங்கக்கூடிய நாடகக்குழு அமைப்பும், அதனை நடத்திய டி.ஏ. மதுரத்தின் நிருவாகமும் இம்மீட்சியின் அடித்தளம் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: என்.எஸ். கிருஷ்ணன், டி.ஏ. மதுரம், பாய்ஸ் கம்பெனி, வில்லுப்பாட்டு, நாஞ்சில் நாடு, கலைஞர் வாழ்வாதாரம்

முன்னுரை

கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகள் தமிழில் ஏறத்தாழ ஒரே வார்ப்பில் எழுதப்பட்டுள்ளன. வறுமையில் பிறப்பு, திறமையால் ஏற்றம், எதிர்பாராத வீழ்ச்சி, மன உறுதியால் மீட்சி என்பது அவ்வார்ப்பு. என்.எஸ். கிருஷ்ணன் (1908–1957) பற்றி எழுதப்பட்டவையும் இதற்கு விலக்கல்ல. வீழ்ச்சிக்கும் மீட்சிக்கும் இடைப்பட்ட காலத்தில் அவருடைய தொழில் எவ்வாறு உயிருடன் இருந்தது என்னும் வினா இவ்வார்ப்பில் எழுவதில்லை. சிறையிலிருக்கும் நடிகர் மேடையேற முடியாது. படப்பிடிப்புக்குச் செல்லவும் முடியாது. அவருடைய உழைப்பை நம்பிப் பிழைத்தவர்களுக்கோ அன்றாடம் உணவு வேண்டும். மன உறுதியை மட்டும் கொண்டு இவ்விடைவெளியை விளக்க இயலாது.

இக்கட்டுரை அவ்விடைவெளியை ஆராய்கிறது. கிருஷ்ணன் வளர்ந்த நாஞ்சில் நாட்டின் கலைச்சூழலும் பாய்ஸ் கம்பெனி முறையும் அவ்விடைவெளியைக் கடப்பதற்கான ஒரு தொழில்முறையை முன்னமே உருவாக்கியிருந்தன என்பது இதன் கருதுகோள்.

கொடையும் வில்லும்

நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908 நவம்பர் 29 அன்று கிருஷ்ணன் பிறந்தார். பெற்றோர் சுடலைமுத்துப் பிள்ளை, இசக்கியம்மாள். சுடலைமாடனும் இசக்கியும் நாஞ்சில் நாட்டுக் கொடை விழாக்களில் வில்லடித்துக் கதை பாடப்பெறும் தெய்வங்கள். தந்தை தாய் இருவர் பெயரும் வில்லுப்பாட்டின் கதைத்தலைவர் பெயர்களாக அமைந்தது அப்பகுதியில் வியப்புக்குரியதன்று. அவ்வழிபாடு அன்றாட வாழ்வோடு எவ்வளவு கலந்திருந்தது என்பதையே அது காட்டுகிறது. நாடகக் கம்பெனியில் சேர்வதற்கு முன்னரே கிருஷ்ணன் வில்லுப்பாட்டில் பழகியவர்.

வில்லுப்பாட்டு தனி ஒருவரின் கலையன்று. வில்லின் நடுவே அமர்ந்து வீசுகோலால் நாணைத் தட்டிக் கதையை நடத்துபவர் புலவர் அல்லது அண்ணாவி எனப்படுவார். குடம், உடுக்கை, தாளம், கட்டை ஆகியவற்றை இசைப்போர் அவருக்கு வலத்தும் இடத்தும் அமர்வர். புலவர் ஒரு தொடரைப் பாடி நிறுத்த, மற்றவர் அதனை வாங்கிப் பாடுவர். வசனத்தில் அவர் ஒன்று சொல்ல, அருகிருப்பவர் 'ஆமா' என்று ஏற்றும் வினா எழுப்பியும் கதையை நகர்த்துவர். தி.சி. கோமதிநாயகம் தம் 'தமிழ் வில்லுப்பாட்டுகள்' நூலில் இக்கலையை விரிவாக ஆய்ந்துள்ளார். ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் கன்னியாகுமரி மாவட்டக் களப்பணியை அடிப்படையாகக் கொண்டு 1988இல் வெளியிட்ட நூலில், பாடப்படும் பிறப்பு, இறப்பு நிகழ்ச்சிகளுக்கும் கோயிலில் நிகழும் சாமியாட்டத்துக்கும் உள்ள பிணைப்பை விளக்குகிறார்.

இங்கு நமக்கு வேண்டியது இப்பிணைப்பின் தொழில்சார்ந்த பக்கம். கொடைக்கு நாள் குறித்தபின் அதனை மாற்ற முடியாது. தெய்வம் இறங்க வேண்டிய நேரத்தில் கதை உரிய இடத்துக்கு வந்திருக்க வேண்டும். புலவருக்குத் தொண்டை கட்டினாலும் பாட்டு நிற்கலாகாது. வலத்தே இருப்பவர் கதையை எடுத்துச் செல்வார். இரவு முழுவதும் நீளும் நிகழ்ச்சியில் அவ்வாறு மாறிமாறிப் பாடுவது இயல்பான நடைமுறை. கொடைகள் சில மாதங்களிலேயே நெருக்கமாக நிகழ்வதால், எஞ்சிய மாதங்களில் கலைஞர் வேறு தொழில் செய்து பிழைத்தனர். ஆண்டு முழுவதும் கலையால் மட்டும் வாழ முடியாது என்பதையும், குழுவில் எவரும் இன்றியமையாதவர் அல்லர் என்பதையும் இக்கலை தன் நடைமுறையாகவே கொண்டிருந்தது. இன்று 'கலைஞர் ஊக்கம்' பற்றிப் பேசுவோர் இவ்விரண்டையும் குறைபாடுகளாகக் கருதக்கூடும். கலை தொடர்ந்ததற்கு இவையே காரணம் என்பது என் கருத்து.

இதே வட்டாரத்தில் மராத்தி மொழி பேசும் மண்டிகர் குடும்பங்கள் நிகழ்த்திவந்த தோல்பாவைக்கூத்தையும் இங்கு ஒப்பிடலாம். அ.கா. பெருமாள் இக்கலையை நெடுங்காலம் ஆவணப்படுத்தியவர். அங்கே குழு என்பது குடும்பமே. இராமாயணக் கதை பல இரவுகள் நடக்கும். இடையிடையே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து கதைக்குத் தொடர்பில்லாத அன்றாடச் செய்திகளைப் பேசிச் சிரிக்க வைப்பர். முதன்மைக் கதையிலிருந்து பிரித்தெடுக்கத்தக்க, காலத்துக்கேற்ப மாற்றத்தக்க நகைச்சுவைப் பகுதி என்னும் இவ்வமைப்பு பின்னர்க் கிருஷ்ணனின் திரைப்படங்களில் வேறு வடிவில் காணப்படுகிறது. இதனை நேரடித் தாக்கம் எனக் கொள்ள வேண்டியதில்லை. ஒரே பார்வையாளர் பண்பாட்டில் தோன்றிய ஒத்த தீர்வுகள் எனக் கொள்வது போதும்.

கம்பெனி வீடு

கிருஷ்ணனின் முறையான பயிற்சி டி.கே.எஸ். சகோதரர்களின் நாடக சபையில் நிகழ்ந்தது. சங்கரதாஸ் சுவாமிகளிடம் பயின்ற டி.கே. சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி ஆகியோர் 1925இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய ஸ்ரீ பால சண்முகானந்த சபை, திருவிதாங்கூரின் தமிழ்ப்பகுதிகளிலும் தமிழகம் முழுவதிலும் முகாமிட்டு நாடகம் நடத்தியது. நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற சிறுவன் மேடைக்கு வந்த கதை கிருஷ்ணனின் வாழ்க்கைக் குறிப்புகளில் தவறாமல் இடம்பெறும். கொட்டகையிலிருந்து கம்பெனி வீட்டுக்குள் நுழைந்ததன் பொருள் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

பாய்ஸ் கம்பெனியில் உணவும் உறைவிடமும் கம்பெனியின் பொறுப்பு. பாடம், பாட்டு, ஒத்திகை, மேடைவேலை அனைத்தும் ஒரே கூரையின்கீழ் நடந்தன. ஒரு நாடகத்தின் எல்லாப் பாடங்களும் பலருக்கு மனப்பாடம்; ஒருவருக்கு நோயுற்றால் மற்றொருவர் அன்றிரவே அவ்வேடம் தரிப்பார். குரல் உடையும் பருவத்தில் பெண்வேடமும் கதாநாயகன் வேடமும் தரித்த சிறுவர்கள் தகுதி இழப்பது ஆண்டுதோறும் நிகழ்ந்ததால், மாற்றாள் இல்லாத கம்பெனி நிலைக்க முடியாது. டி.கே. சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை' இவ்வுலகை உள்ளிருந்து காட்டும் முதன்மைச் சான்று. அதனை ஒரு நடிகரின் தன்வரலாறாக மட்டும் படிக்கும் வழக்கத்தை மாற்றி, ஒரு நிறுவனத்தின் வரலாறாகவும் நாம் படிக்க வேண்டும்.

கம்பெனி கொடுமையும் உடையதுதான். சிறுவர் உழைப்பின்மீது கட்டப்பட்டது அது. அதன் கண்டிப்பைப் புகழ்ந்து எழுதும் போக்கு எனக்கு உடன்பாடன்று. எனினும் அங்கு உருவான தொழில்வலை நீண்டகாலம் நிலைத்தது. கிருஷ்ணன், எஸ்.வி. சகஸ்ரநாமம், கே.ஆர். ராமசாமி ஆகிய மூவரும் இச்சபையில் வளர்ந்தவர்கள். 1944க்குப் பின் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள இச்செய்தி இன்றியமையாதது.

1935இல் டி.கே.எஸ். குழுவினரின் 'மேனகா' திரைப்படமானபோது கிருஷ்ணன் திரையில் தோன்றினார். 1936இல் 'சதி லீலாவதி' வெளிவந்தது. 'வசந்தசேனா' படப்பிடிப்பில் டி.ஏ. மதுரத்தைச் சந்தித்துப் பின் மணந்தார். இருவரும் சேர்ந்து நகைச்சுவைப் பகுதிகளைத் தம் குழுவைக் கொண்டே உருவாக்கினர். பாட்டுக்கு உடுமலை நாராயணகவி, உடன் நடிக்க டி.எஸ். துரைராஜ், புளிமூட்டை ராமசாமி முதலியோர் என அக்குழு அமைந்தது. படத்தின் கதைக்கு வெளியே நின்று, அதேவேளை படத்தின் வணிக வெற்றிக்குத் தேவையான பகுதியாக இது அமைந்தமையால், தயாரிப்பாளரிடம் கிருஷ்ணன் பேசியது தனி நடிகராக அன்று, ஒரு சிறு கம்பெனியின் தலைவராக. கிருஷ்ணன்–மதுரம் உரையாடல்களில் ஒருவர் சொல்ல மற்றவர் மடக்குவதும் வினவுவதும் வில்லுமேடையின் வலத்து–இடத்து உறவை நினைவூட்டுவன.

வழக்கும் வெற்றிடமும்

1944 அக்டோபரில், தீபாவளியன்று, எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்த 'ஹரிதாஸ்' வெளிவந்தது. கிருஷ்ணனும் மதுரமும் அதில் இருந்தனர். மூன்று வாரங்கள் சென்று நவம்பர் 8 அன்று, நடிகர்களைப் பற்றி அவதூறு எழுதிவந்த 'இந்து நேசன்' இதழாசிரியர் சி.என். லட்சுமிகாந்தன் சென்னை வேப்பேரியில் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். டிசம்பரில் பாகவதரும் கிருஷ்ணனும் கைதாயினர். இயக்குநர் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடுவும் குற்றஞ்சாட்டப்பட்டு, பின் விடுவிக்கப்பட்டார். 1945 மே மாதம் பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவ்வாண்டே சென்னை உயர்நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளியது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று மீண்டும் உயர்நீதிமன்றத்துக்கு வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை பெற்றனர்.

இக்காலத்தின் பெரும்பகுதியில் 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே திரையரங்கில் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று தீபாவளிகளைக் கண்டது. நடிகர் சிறையிலிருக்க அவருடைய நிழல் வெளியே பணம் ஈட்டியது. அப்பணத்தில் சிறையிலிருப்பவருக்குப் பங்கு இல்லை. திரைப்படம் நடிகரின் உழைப்பை அவரிடமிருந்து பிரித்துவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தமிழில் கிடைப்பது அரிது. பாகவதருக்கு ஒப்பந்தமாகியிருந்த படங்கள் கைநழுவின. 'உதயணன்' படத்தில் அவருக்குப் பதிலாக ஜி.என். பாலசுப்பிரமணியம் நடித்தார்.

மேடையின் நிலை வேறு. அங்கே உழைப்பு ஒவ்வோர் இரவும் புதிதாகச் செய்யப்பட வேண்டும். ஆகவே ஒவ்வோர் இரவும் கூலியும் பிறக்கும். மதுரம் இம்மேடையைத் தேர்ந்தெடுத்தார். என்.எஸ்.கே. நாடக சபையைச் சகஸ்ரநாமத்தின் துணையோடு நடத்தினார். அச்சபை மேடையேற்றியவற்றுள் 'பைத்தியக்காரன்' புகழ்பெற்றது. கே.ஆர். ராமசாமி பிரிந்து சென்று 'கிருஷ்ணன் நாடக சபா' என்று சிறையிலிருந்தவரின் பெயராலேயே ஒரு குழுவை அமைத்தார். சி.என். அண்ணாதுரையின் 'ஓர் இரவு', 'வேலைக்காரி' ஆகியவை அக்குழுவால் மேடையேறின.

தலைவர் இல்லாதபோது குழு இரண்டானதைப் பிளவு என்று மட்டும் கூறுவது பொருந்தாது. கம்பெனி மரபில் பயிற்சி பெற்றவர் பிரிந்து புதுக்கம்பெனி தொடங்குவது வழக்கம், டி.கே.எஸ். சகோதரர்களே அவ்வழியில் வந்தவர்கள். இங்கே கிளைத்த இரு குழுக்களும் கிருஷ்ணனின் பெயரைத் தாங்கின. இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகத் திரையில் புதிதாகத் தோன்றாத நடிகரின் பெயர் ஊர்தோறும் நாடக விளம்பரங்களில் இடம்பெற்றது. மக்கள் மறதியிலிருந்து அவரைக் காத்தவற்றுள் இது முதன்மையானது.

மதுரத்தின் பங்கைக் குறித்து ஒரு சொல். நம் எழுத்துகளில் அவர் காத்திருந்த மனைவியாகவும் கற்பின் வடிவாகவும் வருகிறார். வழக்குச் செலவுக்கு ஏற்பாடு செய்தல், குழுவுக்குச் சம்பளம் கொடுத்தல், நாடகங்களைத் தேர்தல், கொட்டகை பிடித்தல் ஆகியவற்றை உள்ளடக்கிய நிருவாகத்தை 'தியாகம்' என்னும் ஒரு சொல்லால் மூடிவிடுகிறோம். இச்சொல் அவரை உயர்த்துவதுபோலத் தோன்றினாலும், அவர் ஆற்றிய தொழிலை மறைத்துவிடுகிறது. ஆண் ஒருவர் அதே வேலையைச் செய்திருந்தால் அவரை நாடக முதலாளி என்றே வரலாறு அழைத்திருக்கும்.

மூன்று மீட்சிகள்

1947 ஏப்ரலில் ஒரே தீர்ப்பால் வெளிவந்த இருவரின் பிற்கால வாழ்வு வேறுபட்டது. பாகவதர் 1948இல் 'ராஜமுக்தி'யில் நடித்தார். அது எதிர்பார்த்த வெற்றி பெறவில்லை. தொடர்ந்து வந்த 'அமரகவி', 'சியாமளா' ஆகியவையும் பழைய இடத்தை மீட்டுத்தரவில்லை. 1959 நவம்பர் 1 அன்று அவர் மறைந்தார். கிருஷ்ணன் வெளிவந்த ஆண்டிலேயே கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் 'பைத்தியக்காரன்' திரைப்படமாகி வெளியானது. சிறைசென்று மீண்ட நிலையையே நகைப்பொருளாக்கும் பகுதியுடன் அவர் அதில் தோன்றினார். 1949இல் அண்ணாதுரை எழுதிய 'நல்லதம்பி'யில் கதைத்தலைவரானார். நந்தனார் கதைக் காலட்சேபத்தைக் கல்வி பற்றிய எள்ளலாக மாற்றிய 'கிந்தனார்' அப்படத்தில் இடம்பெற்றது. 1951இல் 'மணமகள்', 1952இல் 'பணம்' ஆகியவற்றை இயக்கினார்.

இவ்வேறுபாட்டை மனவலிமையின் அளவாகக் கொள்வது பாகவதருக்கு இழைக்கும் அநீதி. பின்னணிப் பாடல் முறை வலுப்பெற்ற காலத்தில், பாடி நடிக்கும் கதாநாயகனின் தேவையே குறைந்துவந்தது. நகைச்சுவைக்கு அத்தகைய நெருக்கடி இல்லை. இதனை ஏற்றுக்கொண்டபின்னும் ஒரு வேறுபாடு எஞ்சுகிறது. பாகவதரின் மூலதனம் அவருடைய குரலும் உருவமும். அவர் சிறையிலிருந்தபோது அவற்றை வேறெவரும் இயக்க முடியாது. கிருஷ்ணனின் மூலதனத்தில் ஒரு பகுதி குழுவிடம் இருந்தது. அவர் திரும்பியபோது நாடகமும் நடிகரும் பாட்டாசிரியரும் பார்வையாளரும் அணியமாக இருந்தனர்.

அமெரிக்க நகைச்சுவை நடிகர் ராஸ்கோ ஆர்பக்கிளின் வரலாறு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 1921இல் ஒரு பெண்ணின் இறப்புத் தொடர்பாகக் குற்றஞ்சாட்டப்பட்ட அவர், மூன்று விசாரணைகளுக்குப்பின் 1922 ஏப்ரலில் குற்றமற்றவர் எனத் தீர்ப்புப் பெற்றார். நடுவர் குழு அவருக்கு இழைக்கப்பட்டது அநீதி என்று எழுதியும் கொடுத்தது. ஆயினும் ஒருவாரத்துக்குள் திரைத்துறை அவரைத் தடைசெய்தது. தடை அவ்வாண்டே நீங்கியும், நண்பர் பஸ்டர் கீட்டன் துணைநின்றும், வேறு பெயரில் படங்களை இயக்கியே அவர் நெடுங்காலம் பிழைக்க நேர்ந்தது. 1933இல் இறந்தார். அவருடைய நிறுவனம் அவருக்குச் சொந்தமானதன்று. அது தன் இழப்பைக் குறைத்துக்கொள்ள அவரைக் கைவிட்டது. கிருஷ்ணனைக் கைவிட்டு ஆதாயம் பெறும் நிலையில் அவருடைய குழு இல்லை. அவர் பெயரே அதன் முதல்.

குழுவின் எல்லை

இவ்வமைப்புக்கு எல்லையும் உண்டு. குழு கிருஷ்ணனைத் தாங்கியதுபோலவே கிருஷ்ணனும் குழுவைத் தாங்க வேண்டியிருந்தது. அவருடைய ஈகை பற்றிய கதைகள் ஏராளம். நாகர்கோவில் நகராட்சிப் பூங்காவிலுள்ள காந்தி நினைவுத் தூண் அவர் எழுப்பியது. இக்கதைகளை வள்ளல்தன்மைக்குச் சான்றாக அடுக்குவதோடு நாம் நின்றுவிடுகிறோம். ஓய்வூதியமோ காப்பீடோ சங்கப் பாதுகாப்போ அற்ற தொழிலில், வருமானமுள்ள ஒருவர் மற்றவர்க்குக் கொடுத்தே தீரவேண்டிய கட்டாயமும் அக்கொடையில் கலந்துள்ளது. கம்பெனி வீட்டில் நிறுவனம் செய்ததைத் திரைக்காலத்தில் ஒரு தனிமனிதரின் சட்டைப்பை செய்தது. நிறுவனத்துக்குக் கணக்கு உண்டு; சட்டைப்பைக்கு இல்லை. 1957 ஆகஸ்ட் 30 அன்று, நாற்பத்தெட்டாம் வயதில், சேமிப்பு என்று சொல்லத்தக்கது ஏதுமின்றி அவர் மறைந்தார். அதற்குப் பத்து மாதங்களுக்கு முன்னர்தான், 1956 நவம்பர் 1 அன்று, அவர் பிறந்த நாஞ்சில் நாடு திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து பிரிந்து கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்துடன் இணைந்திருந்தது.

வில்லுப்பாட்டை அவர் இறுதிவரை விடவில்லை. திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த சுப்பு ஆறுமுகத்தைச் சென்னைக்கு அழைத்துவந்து தம்முடன் இணைத்துக்கொண்டார். காந்தியின் வரலாற்றை வில்லில் பாடினார். கோயிற்கொடையிலிருந்து பிரிந்த வில்லுக்கு நகரமேடையும், பின்னர் வானொலியும் தொலைக்காட்சியும் இடமளித்தன. 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்ற சுப்பு ஆறுமுகம் 2022 அக்டோபரில் மறைந்தார். அவருடைய நிகழ்ச்சிகளில் குடும்பத்தினரே வில்லின் இருபுறமும் அமர்ந்து பாடினர். மகள் பாரதி திருமகன் தனியே வில்லிசை நிகழ்த்துபவராக வளர்ந்தார். புலவருக்கு வலத்தே இருப்பவர் கதையை எடுத்துச் செல்லும் முறை இங்கும் தொடர்ந்தது.

பம்மல் சம்பந்த முதலியார் வழங்கிய 'கலைவாணர்' என்னும் பட்டம் இன்று சென்னையில் ஓர் அரங்கின் பெயராக உள்ளது. தியாகராய நகரில் கிருஷ்ணனின் சிலையை 1969 சனவரியில் முதலமைச்சர் அண்ணாதுரை திறந்து வைத்தார். நோயுற்றிருந்த அவர் கலந்துகொண்ட இறுதிப் பொதுநிகழ்ச்சிகளுள் அது ஒன்று. மதுரம் 1974 வரை வாழ்ந்தார். 1945க்கும் 1947க்கும் இடையே அவர் நடத்திய சபையின் வரலாற்றைத் தனியே எழுதப் புகுவோர், கிருஷ்ணனின் வாழ்க்கை வரலாறுகளைவிடச் சகஸ்ரநாமம், கே.ஆர். ராமசாமி, அச்சூழலில் இளைஞராக நாடகம் பயின்ற சிவாஜி கணேசன் ஆகியோரின் நினைவுக்குறிப்புகளிலிருந்து தொடங்குவது பயன்தரும். அவற்றில் மதுரம் எவருடைய மனைவியாகவும் அன்றி, சம்பளம் கொடுத்தவராகக் காணப்படுவார்.